என் அணுக்களா, வைரஸா?

தம்பிக்கு ஸ்டெம் செல், அதாவது இரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணுக்கள், கொடுத்தவள் நான். கொடுத்த அன்று அது பெரிய காரியமாகவே தெரியவில்லை. இரண்டு கைகளிலும் ஊசி, பக்கத்தில் சுழன்றுகொண்டிருக்கும் இயந்திரம், ஐந்து மணி நேரம் கையை மடக்காமல் படுக்கை. மூக்கு அரித்தால் நர்ஸைக் கூப்பிட வேண்டும். கஷ்டம் என்று சொன்னால் அது ஒன்றுதான். கடைசியில் மங்கிய சிவப்பில் ஒரு பை நிறைந்தது. அன்று மாலையே அது தம்பியின் மார்பில் பொருத்தியிருந்த குழாய் வழியாக இறங்கியது. அந்த நாளுக்குப் பெயர் பூஜ்ஜியம். வார்டில் எல்லோரும் அதிலிருந்துதான் எண்ணுவார்கள். கிழமையும் தேதியும் மறந்துபோகும்; இன்று எத்தனையாவது நாள் என்பது மட்டும் மறக்காது.

17ஆம் நாள் அவனுடைய நியூட்ரோஃபில், அதாவது தொற்றோடு போராடும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை 500ஐத் தாண்டியது. அடுத்த இரண்டு நாட்களும் இறங்கவில்லை. “உங்கள் அணுக்கள் அவருக்குள் குடியேறிவிட்டன” என்றார் மருத்துவர். 31ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வாரத்துக்கு இரண்டு முறை இரத்தப் பரிசோதனைக்குப் போனால் போதும்.

அடுத்து நடந்ததில் பாதித் தவறு என்னுடையது, பாதி அவனுடையது.

இரவில் கழிவறையில் குழாய் வெகுநேரம் ஓடுவது எனக்குக் கேட்டது. நன்றாகக் கை கழுவுகிறான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். 39ஆம் நாள் காலை கதவைத் திறந்து வெளியே வந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். இடுப்பில் கால்சட்டை நிற்கவில்லை. ஒரு கையால் பிடித்திருந்தான். “எத்தனை தடவை?” என்று கேட்டேன். “இரண்டு, மூன்று இருக்கும்” என்றான். உதடு காய்ந்து வெடித்திருந்தது. குழாயைத் திறந்துவிட்டது கை கழுவ அல்ல, எனக்குச் சத்தம் கேட்காமல் இருக்க. “சொன்னால் மறுபடியும் அந்த அறைக்குள் போட்டுவிடுவார்கள் அக்கா” என்றான். எட்டு நாள் வெளிக்காற்று வாங்கியவனிடம் கோபப்பட முடியவில்லை.

ஸ்டெம் செல் மாற்றுக்குப் பிறகு வரும் வயிற்றுப்போக்குக்கு ஒற்றைப் பெயர் கிடையாது. கீமோவால் குடலின் உள்தோல் உரிந்து வரலாம். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுச் சாப்பிட்டு கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா தலையெடுத்திருக்கலாம். மக்னீசியம் மாத்திரையே காரணமாக இருக்கலாம். புதிய அணுக்களின் எதிர்ப்பு ஆற்றலை அடக்கி வைக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் உடலிலிருந்து மக்னீசியத்தை வெளியேற்றிவிடுவதால் அதைக் கைநிறையக் கொடுப்பார்கள், அது வயிற்றைக் கலக்கும். ஒரு வைரஸாக இருக்கலாம். அல்லது கொடையாளியின் அணுக்கள், புகுந்த உடம்பை அந்நியமாகக் கருதித் தாக்குவதாக இருக்கலாம். இந்தக் கடைசியைத்தான் வார்டில் ஜி.வி.எச்.டி. என்பார்கள். அதாவது, நான். என் அணுக்கள் என் தம்பியின் குடலைத் தின்பது.

இதில் ஆளை அலைக்கழிப்பது கடைசி இரண்டும்தான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே: அதே நீர்த்த மலம், அதே முறுக்கும் வலி, சில சமயம் இரத்தம். மருந்து மட்டும் எதிரெதிர்த் திசை. ஜி.வி.எச்.டி. என்றால் எதிர்ப்பு ஆற்றலை ஸ்டீராய்டால் அமுக்க வேண்டும். வைரஸ் என்றால் அதே எதிர்ப்பு ஆற்றலைத் தூக்கிவிட வேண்டும். ஒன்று என்று நினைத்து மற்றொன்றின் மருந்தைக் கொடுத்தால் உள்ளே இருப்பதற்குத் தீனி போட்டதாகிவிடும்.

அன்று மருத்துவமனையில் முதலில் கேட்ட கேள்வி “எத்தனை தடவை?” அல்ல, “எத்தனை மில்லி?” எனக்குப் பதில் தெரியவில்லை. பெரியவர்களுக்குக் குடல் ஜி.வி.எச்.டி.யின் கடுமையை நாளொன்றுக்கு வெளியேறும் மலத்தின் அளவை வைத்துத்தான் தரம் பிரிக்கிறார்கள்: 500 மில்லியைத் தாண்டினால் ஒன்றாம் நிலை, 1000ஐத் தாண்டினால் இரண்டு, 1500ஐத் தாண்டினால் மூன்று. “நிறையப் போகிறது” என்ற வார்த்தைக்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை.

அளப்பது எப்படி என்று ஒரு நர்ஸ் கற்றுக்கொடுத்தார். கழிவறை இருக்கையின் கீழே மாட்டும், அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் தொட்டி ஒன்று உண்டு. முதலில் சிறுநீரைத் தனிக் குடுவையில் கழித்துவிட வேண்டும். இரண்டும் கலந்தால் கணக்கு பாழ். ஒவ்வொரு முறையும் கோட்டைப் பார்த்து நேரம், அளவு, நிறம், இரத்தம் உண்டா என்று எழுத வேண்டும். முதல் நாள் எனக்குக் குமட்டியது, தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். மூன்றாம் நாள் இருவருக்கும் வெட்கம் போய்விட்டது. “420, பச்சை” என்று உள்ளிருந்தே குரல் கொடுப்பான், நான் நோட்டில் எழுதுவேன். முதல் 24 மணி நேரக் கூட்டல் 1150 மில்லி.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. இவ்வளவு போகும்போது மாத்திரையும் சேர்ந்து போய்விடும், இரத்தத்தில் டாக்ரோலிமஸ் குறைந்திருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நேர்மாறு. நலமாக இருக்கும் குடல்சுவர் அந்த மருந்தின் ஒரு பங்கை உடைத்தும் திருப்பித் தள்ளியும் விடுகிறது. சுவர் புண்பட்டால் அந்தக் காவல் போய், கூடுதலாக உள்ளே நுழைகிறது. தம்பிக்கு அது வேண்டிய அளவைப்போல இரண்டு மடங்கு இருந்தது. உடம்பில் நீர் வற்றியதும் இதுவும் சேர்ந்து, சிறுநீரகம் தடுமாறினால் இரத்தத்தில் ஏறும் கிரியாட்டினினை ஏற்றிவிட்டிருந்தன. வயிற்றுப்போக்கு தொடங்கிய அன்றே டாக்ரோலிமஸ் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். காலைப் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும் முன் அந்த மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். நான் ஒருமுறை கொடுத்துவிட்டு அந்த நாளின் பரிசோதனையையே வீணாக்கினேன்.

மல மாதிரி பரிசோதனைக்குப் போனது. நோரோ, ரோட்டா, அடினோ, ஆஸ்ட்ரோ, சாப்போ என்று ஒரே பி.சி.ஆரில் பல வைரஸ்களைத் தேடுகிறார்கள். எல்லாமே இல்லை என்று வந்தது. இரத்தத்தில் சி.எம்.வி., அதாவது சைட்டோமெகலோ வைரஸ், கணக்கிட முடியாத அளவுக்குக் குறைவு. அப்படியானால் வைரஸ் இல்லை, நான்தான். ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள். நான்கு நாளில் 1150 என்பது 600 ஆனது. என் அணுக்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஏழாம் நாள் 900. ஒன்பதாம் நாள் 1400, செம்மண் கரைத்தது போல.

தலைமை மருத்துவர் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து பேசினால் விஷயம் பெரியது என்று வார்டில் எல்லோருக்கும் தெரியும். “இரத்தத்தில் சி.எம்.வி. இல்லையென்றால் குடலிலும் இல்லை என்று சொல்ல முடியாது. உள்ளே பார்த்துத் திசு எடுத்தால்தான் தெரியும்” என்றார். முதல் நாளே ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். தட்டணுக்கள் 30,000 சொச்சம்தான் இருந்தன. அவ்வளவு குறைவாக இருக்கும்போது குடலில் கிள்ளி எடுத்தால் இரத்தக் கசிவு நிற்காது. பொதுவாக 50,000க்கு மேலே கொண்டுவந்துவிட்டுத்தான் செய்வார்கள். பதில் நியாயமானதுதான். ஆனாலும் தட்டணு ஏற்றிவிட்டு அன்றே பார்த்திருக்கலாமே என்ற எண்ணம் எனக்கு இன்றும் போகவில்லை. காத்திருந்த ஒன்பது நாட்களும் அவன் உடம்பில்தான் கழிந்தன.

மறுநாள் தட்டணு ஏற்றி, குழாய்க் கேமராவைக் கீழ்க்குடல்வரை மட்டும் செலுத்தி ஆறு இடங்களில் திசு எடுத்தார்கள். பத்து நிமிட வேலை. முடிவு வர இரண்டு நாள். நோய்க்குறியியல் மருத்துவர் எங்களுக்குக் கணினித் திரையில் காட்டினார். கேட்டால் காட்டுவார்கள், நிறையப் பேர் கேட்பதில்லை. சாதாரண அணுக்களுக்கு நடுவே ஒன்று மட்டும் ஊதிப் பெருத்திருந்தது. அதன் நடுவில் கருத்த வட்டம், சுற்றிலும் வெளுத்த வளையம். ஆந்தை முழித்துப் பார்ப்பது போல. அந்தத் துறையில் அதற்குப் பெயரே ஆந்தைக் கண். சாயம் போட்ட வில்லையில் அதே அணு பழுப்பாக ஏறியிருந்தது: சி.எம்.வி. உறுதி. பக்கத்திலேயே குடலின் சுரப்பிக் குழிகளில் அணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துக் கிடந்தன. அது ஜி.வி.எச்.டி.யின் தடம். என் அணுக்களா, வைரஸா என்று நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு விடை: இரண்டும்.

சி.எம்.வி. எங்கிருந்தோ வந்து தொற்றியதல்ல. பெரியவர்களில் ஏராளமானோர் உடம்பில் அது சிறுவயதிலேயே நுழைந்து சத்தமில்லாமல் படுத்துக் கிடக்கிறது. காவல் தளர்ந்தால் எழுகிறது. மாற்று சிகிச்சைக்கு முன் எடுத்த பரிசோதனையில் தம்பிக்கு அது இருந்தது, எனக்கு இல்லை. எனக்கு இல்லை என்றதும் நல்ல கொடையாளி நான் என்று பூரித்தேன். ஸ்டெம் செல் மாற்றில் இந்தச் சேர்க்கைதான் மோசமானது. நோயாளியின் உடம்பில் வைரஸ் இருக்கிறது. புதிதாகக் குடியேறிய படைக்கோ அதை வாழ்நாளில் பார்த்த பழக்கமே இல்லை. சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்றில் இது தலைகீழ்: அங்கே கொடையாளியிடம் இருந்து, பெறுபவரிடம் இல்லாததுதான் ஆபத்து. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. உங்கள் வீட்டில் இருவரின் சி.எம்.வி. நிலையும் என்ன என்று இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தடுக்க லெட்டர்மோவிர் என்ற மாத்திரை 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தம்பிக்கு அது கிடைக்கவில்லை. கிடைப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: அது சி.எம்.வி.க்கு மட்டும்தான், அக்கிக்குக் கொடுக்கும் அசைக்ளோவிரை அதற்காக நிறுத்தக் கூடாது.

சி.எம்.வி.யை ஒடுக்கும் கான்சிக்ளோவிர் ஊசி ஆரம்பித்தார்கள், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஸ்டீராய்டை மெதுவாக இறக்கினார்கள். மலத்தின் அளவு குறையத் தொடங்கியது. ஆனால் ஊசி தொடங்கிய 11ஆம் நாள் வெள்ளணுக்களும் விழுந்தன, 3400இலிருந்து 800க்கு. அந்த மருந்தின் குணம் அது. என் அணுக்கள் பாடுபட்டு முளைத்த இடத்தையே அது காய வைத்தது. ஃபாஸ்கார்னெட் என்ற இன்னொரு வைரஸ் மருந்துக்கு மாற்றினார்கள். அது மஜ்ஜையை விட்டுவிட்டுச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் முன்னதாக ஒரு பாட்டில் சலைன் ஏற்ற வேண்டும், கால்சியம், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் சரிகின்றனவா என்று தினமும் பார்க்க வேண்டும். மருந்து ஏறும்போது உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது என்றான் தம்பி. கால்சியம் இறங்குவதன் அடையாளம் அது. உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும். சிறுநீரில் மருந்து அப்படியே வெளியேறுவதால் ஒவ்வொரு முறையும் தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும், இல்லையென்றால் பிறப்புறுப்பில் புண் வரும். இதைச் சொல்ல நர்ஸ் கொஞ்சம் தயங்கினார். தயங்கவே கூடாத விஷயம் அது.

ஆசனவாயைச் சுற்றிய தோலைப் பற்றியும் யாரும் முதலில் சொல்லவில்லை. ஒரு நாளைக்குப் பத்து முறை துடைத்தால் தோல் கழன்றுவிடும். எதிர்ப்பு ஆற்றல் இல்லாதவருக்கு அந்தக் கீறலே இரத்தத்துக்குள் நுழையும் வாசல். காகிதம் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய துணியால் ஒற்றல், துத்தநாக ஆக்சைடு களிம்பு, அவ்வளவுதான்.

63ஆம் நாள் நோட்டில் “180, பழுப்பு, கூழ்” என்று எழுதினேன். கூழ் என்ற சொல்லின் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அதை இருவரும் கொண்டாடினோம் என்றால் நம்பமாட்டீர்கள்.

இரண்டாவது முறை வந்தது ஐந்தாம் மாதத்தில். அதைக் கொண்டுவந்தது நான்.

என் இரண்டு வயது மகள் ஓர் இரவு நான்கு முறை வாந்தி எடுத்தாள். காலையில் துள்ளிக் குதித்தாள். எனக்கு ஒன்றுமே இல்லை. படுக்கை விரிப்பை உதறி எடுத்து, கையில் ஆல்கஹால் ஜெல்லை இரண்டு முறை தேய்த்துக்கொண்டு தம்பியின் வீட்டுக்குப் போனேன். மாற்று வார்டில் ஐந்து மாதம் ஜெல் தேய்த்தே பழகிய கை. அதற்குமேல் என்ன வேண்டும் என்ற திமிர். இரண்டாம் நாள் அவனுக்குப் பீய்ச்சி அடித்தது. இந்த முறை மறைக்கவில்லை. தானே கூப்பிட்டு “650” என்றான். மலப் பரிசோதனையில் நோரோ வைரஸ்.

நோரோ வைரஸுக்கு வெளிக்கொழுப்பு உறை கிடையாது. ஆல்கஹால் உடைப்பது பெரும்பாலும் அந்த உறையைத்தான். ஆகவே ஜெல் இதற்கு ஏறக்குறைய பயனில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும் சேர்ந்து கழுவித் தள்ளினால்தான் உண்டு. இருபதுக்கும் குறைவான துகள்களே தொற்றுக்குப் போதும் என்கிறார்கள். ஓஹையோ மாநிலத்து நார்வாக் ஊரில் 1968இல் ஒரு பள்ளிக்கூடத்தையே கவிழ்த்து, 1972இல் நுண்ணோக்கியில் பிடிபட்ட வைரஸ் இது. வாந்தி தெறித்த இடத்துக்குப் பக்கத்துத் தரையும் கைப்பிடியும் கணக்கில் சேரும். 1000 முதல் 5000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு) குளோரின் இருக்கும்படி பிளீச்சைக் கரைத்து, துடைத்த இடத்தில் ஐந்து நிமிடமாவது ஈரமாக நிற்கவிட வேண்டும். அமிலக் கழிவறைத் திரவத்தோடு பிளீச்சைக் கலக்கவே கூடாது, விஷவாயு கிளம்பும். துணியை உதறக் கூடாது. அன்று காலை நான் செய்ததே அதுதான். குழந்தை தேறிவிட்டாலும் இரண்டு வாரமும் அதற்கு மேலும் அதன் மலத்தில் வைரஸ் இருக்கலாம்.

என் மகளுக்கு ஓர் இரவு. தம்பிக்கு ஏழு வாரம். இதற்கென்று அங்கீகாரம் பெற்ற மருந்து கிடையாது. நைட்டசாக்சனைடு கொடுத்துப் பார்த்தார்கள். அதனால்தான் குறைந்ததா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. மெய்யான மருந்து, டாக்ரோலிமஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து என் அணுக்களைக் கட்டவிழ்த்து விடுவதுதான். அவிழ்த்தால் ஜி.வி.எச்.டி. திரும்புமோ என்ற பயம் கூடவே. இந்த முறை ஸ்டீராய்டைத் தொடும் முன்பே திசு எடுக்கச் சொல்லி நான் கேட்டேன். எடுத்தார்கள். ஜி.வி.எச்.டி. இல்லை. அந்த ஒரு தாள் இருந்ததால்தான் ஏழு வாரமும் யாரும் அவசரப்பட்டு ஸ்டீராய்டை ஏற்றவில்லை.

அந்த வாரங்களில் அவனை நிற்க வைத்தது உப்புச் சர்க்கரைக் கரைசல், ஓ.ஆர்.எஸ். வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தால் சோடியம் விழுந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2002ஆம் ஆண்டு அளவுப்படி லிட்டருக்கு சோடியம் 75, குளுக்கோஸ் 75 மில்லிமோல். பொட்டலத்தில் சொன்ன தண்ணீர் அளவை ஒரு சொட்டும் மாற்றக் கூடாது. ஒரே மூச்சில் குடித்தால் வாந்தி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு மிடறு என்று கைபேசியில் மணி வைத்தோம். போக்கை நிறுத்தும் லோபரமைடை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். தொற்று என்னவென்று தெரியுமுன் குடலைக் கட்டிப்போட்டால் உள்ளே நச்சு தேங்கி வயிறு உப்பிவிடலாம்.

மலம் கெட்டியான பிறகும் பி.சி.ஆர். நோரோ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் அப்படிச் சொல்லலாமாம். தாளைப் பார்த்து நான் அழ, “தாளுக்கு வைத்தியம் பார்ப்பதில்லை” என்று மருத்துவர் அதை மடித்து வைத்தார். ஆனால் அவன் பயன்படுத்தும் கழிவறையை மற்றவர்கள் பயன்படுத்தாமல் பார்த்துக்கொண்டோம். மூடியைச் சாத்திவிட்டுத்தான் தண்ணீர் திறப்பது என்று ஏற்பாடு.

பக்கத்து அறையில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அடினோ வைரஸோடு இருந்தான். குழந்தைகளுக்கு அதுதான் பெரிய பயம். முதலில் மலத்தில் பெருகி, பிறகு இரத்தத்தில் ஏறும். அவன் அம்மா வாரா வாரம் மலத்தில் எத்தனை என்ற எண்ணுக்காகக் காத்திருப்பார். ஏறினால் சிடோஃபோவிர்; அதுவும் சிறுநீரகத்தைக் கேட்கும். கைக்குழந்தை இருக்கும் வீட்டாருக்கு அவர்தான் இன்னொன்று சொன்னார்: ரோட்டா சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள, பலவீனமாக்கிய வைரஸ். போட்ட பிறகு சில வாரம் மலத்தில் வரலாம். குழந்தைக்குச் சொட்டு மருந்தை நிறுத்த வேண்டாம். டயப்பரை மட்டும் நோயாளி தொடவேண்டாம்.

ஏழாம் மாதப் பரிசோதனைக்குப் போகும்போது தம்பியிடம் நோட்டைக் கொடுத்தேன், பார்க்கட்டும் என்று. புரட்டிவிட்டு, “முதல் மூன்று நாள் இதில் இல்லையே” என்றான். நீ சொல்லவில்லையே என்றேன். கைபேசியை எடுத்துக் காட்டினான். 36ஆம் நாள் நான்கு முறை, 37ஆம் நாள் ஆறு, 38ஆம் நாள் ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டிருந்தான். கடைசி வரி: “3.40. குழாய் திறந்தேன். அக்கா புரண்டு படுத்தாள்.”

நோட்டில் 39ஆம் நாளுக்கு முன்னால் ஒரு பக்கம் காலியாக இருந்தது. பேனாவைக் கொடுத்து அவனையே எழுதச் சொன்னேன்.